கழுவாயும் ஒப்பந்தமும்

நஞ்சேறிய நிலத்தைச் சுத்தம் செய்ய ஓர் அரசு ஒப்பந்தம் போடும்போது வேலையை மட்டும் பிறர் கையில் கொடுக்கிறதா, நிலத்தைக் கெடுத்த பழியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறதா? சுற்றுச்சூழல் சட்டங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே சமயங்கள் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்டிருக்கின்றன. ஒருவர் செய்த தீங்குக்கு இன்னொருவர், அதுவும் கூலி வாங்கிக்கொண்டு, கழுவாய் செய்ய முடியுமா என்பதே அக்கேள்வி. அது மிகப் பெரிய அளவில் எழுந்திருக்கும் இடம் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் இந்த வளாகத்தில், 1944 முதல் 1987 வரை ஒன்பது அணு உலைகள் ஆயுதங்களுக்கான புளூட்டோனியத்தை உற்பத்தி செய்தன. நாகசாகியில் விழுந்த குண்டின் புளூட்டோனியம் இங்கிருந்து போனதுதான். மிஞ்சிய கழிவில் சுமார் 21 கோடி லிட்டர் 177 நிலத்தடித் தொட்டிகளில் தேக்கப்பட்டது. அவற்றில் 67 தொட்டிகள் மண்ணுக்குள் கசிந்ததாகக் கருதப்படுகிறது. எஞ்சியிருக்கும் துப்புரவுப் பணிக்கு 32,300 கோடி முதல் 67,700 கோடி டாலர் வரை ஆகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2019இல் கணித்தது. அந்தப் பணியில் பெரும்பகுதியைச் செய்வது தனியார் நிறுவனங்கள்.

அங்கே அழுக்கு சேர்ந்ததும் ஒப்பந்தத்தின் வழியாகத்தான். 1943இல் ராணுவம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபோது ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களின் மக்கள் சில வாரங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். ஆற்றோரம் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலத்தைக் கழித்துவந்த வானபம் பழங்குடியினரும் இடம்பெயர்ந்தார்கள். ஆலையைக் கட்டி நடத்தும் பொறுப்பு டூபான்ட் நிறுவனத்துக்குப் போனது. முதல் உலகப்போரில் வெடிமருந்து விற்றுக் கொழுத்த மரண வியாபாரிகள் என்று ஏச்சு வாங்கியிருந்த அந்நிறுவனம், இம்முறை செலவுத் தொகைக்கு மேல் ஒரே ஒரு டாலரைக் கட்டணமாக வாங்கச் சம்மதித்தது. லாபம் வேண்டாம் என்றால் பழியும் வராது என்ற நினைப்பு இதில் இருக்கிறது. அது பாதி உண்மை. கூலியைத் துறந்தால் பேராசைப் பழி நீங்கும். செயலின் விளைவு நீங்காது. தொட்டிகளில் தேங்கிய திரவம் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துக் கசியவில்லை.

1946இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறுப்பேற்றது. அதன்பின் பல நிறுவனங்கள் வந்து போயின. 1949 டிசம்பரில், சோவியத் ஆலைகளைத் தொலைவிலிருந்து கண்டறியும் உத்தியைச் சோதிப்பதற்காக, கதிரியக்க அயோடின் வேண்டுமென்றே காற்றில் விடப்பட்டது. காற்று வீசிய திசையில் இருந்த பண்ணைக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1986இல் சுமார் 19,000 பக்க ஆவணங்கள் வெளியிடப்பட்ட பிறகே செய்தி வெளியே வந்தது. ஆணையிட்டது அரசு, இயக்கியது ஒப்பந்தக்காரரின் ஊழியர்கள், மூச்சில் வாங்கியது ஊர் மக்கள். 1957ஆம் ஆண்டின் பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் அணுசக்தி விபத்துகளில் ஒப்பந்தக்காரர்கள் மீது விழும் இழப்பீட்டுச் சுமையை அரசே ஏற்க வழிசெய்தது. அப்படிச் செய்யாவிட்டால் எந்த நிறுவனமும் இந்த வேலைக்கு வராது என்பது அன்றைய வாதம். அது பொய்யல்ல. ஆனால் செய்பவர் வேறு, சுமப்பவர் வேறு என்ற பிளவு அதன்பின் இந்தத் தொழிலின் இயல்பாகவே ஆகிவிட்டது.

மாசடைந்த நிலங்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1980இல் வந்தது. சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் அச்சட்டத்தின் 107ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. தத்துவ நூலில் வரத்தக்க நுட்பம் அதில் உண்டு. நிலத்தைக் கெடுத்தவரின் சட்டப் பொறுப்பை எந்த உடன்படிக்கையாலும் இன்னொருவர் தலைக்கு மாற்றிவிட முடியாது என்கிறது அது. அதே மூச்சில், அந்தச் செலவை இன்னொருவர் ஈடுகட்டுவதாக உடன்படிக்கை செய்துகொள்வதற்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம், கடனாளி மாறமாட்டார் என்பதே இதன் பொருள். சுத்தம் செய்ய வரும் ஒப்பந்தக்காரரைப் பற்றி 119ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. அவர் கவனக்குறைவாக நடந்தாலன்றி, ஏற்கெனவே அங்கிருந்த நஞ்சுக்கு அச்சட்டத்தின் கீழ் அவர் பொறுப்பாளியல்ல. இதுவும் நியாயமே. பிறர் வீட்டுக் குப்பையை அள்ள வந்தவரை அதைப் போட்டவராக்குவது அநீதி.

சட்டம் கண்ட இந்த வேறுபாட்டை வேதச் சடங்குகளை ஆராயும் இந்தியத் தத்துவ மரபான பூர்வ மீமாம்சை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. வேள்வியைச் செய்விப்பவர் யஜமானன். செய்து முடிப்பவர்கள் தட்சிணைக்கு அமர்த்தப்பட்ட ரித்விக்குகள். பயன் யாருக்கு? ஜைமினியின் சூத்திரங்களும் சபரரின் உரையும் பயன் யஜமானனுக்கே என்று முடிவு செய்கின்றன. ரித்விக்குகள் கூலிக்கு வந்தவர்கள் என்பதால் வேள்வி குறைவுபடுவதில்லை. கூலி கொடுத்ததால்தான் அவர்கள் கையால் நடந்தது அவனுடைய செயலாகிறது. ஆனால் எல்லாவற்றையும் ரித்விக்கிடம் விட்டுவிட முடியாது. இப்பொருள் இனி என்னுடையதல்ல என்று தெய்வத்தின் பொருட்டு விட்டுக்கொடுக்கும் செயலை யஜமானன்தான் செய்ய வேண்டும். அந்த ஒரு செயலுக்குக் கையாள் கிடையாது.

கிறித்தவ இறையியலில் தாமஸ் அக்குவினாஸ் ஏறக்குறைய இதே கோட்டை வேறோர் இடத்தில் போட்டார். பாவத்துக்கு ஈடுசெய்தல் என்பதில் இரண்டு முகங்கள் உண்டு என்றது அவரது மரபு. கடனை அடைப்பது ஒரு முகம். அன்பினால் ஒருவர் இன்னொருவருக்காக இதைச் செய்யலாம். மீண்டும் அதே பாவத்தில் விழாதபடி ஆன்மாவைக் குணமாக்கும் மருந்து என்பது மற்றொரு முகம். நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் விழுங்க முடியாத மருந்து அது. யூத மரபு இன்னொன்றையும் சேர்க்கிறது. மன்னிப்பின் திருநாள் கடவுளுக்கு எதிரான குற்றங்களுக்கு ஈடாகலாம்; சக மனிதருக்குச் செய்த தீங்குக்கு, அந்த மனிதரிடம் நேரில் போய் அவரைச் சமாதானப்படுத்தும் வரை ஈடாகாது என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் போதனை.

இந்த மூன்று மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கூலிக்குச் செய்தல் என்பதே கறையல்ல என்பது தெளிவாகும். துப்புரவைத் தனியாரிடம் விடுவதே ஒழுக்கக்கேடு என்று சிலர் வாதிடுகிறார்கள். அது மேலோட்டமான வாதம். கதிரியக்கச் சேற்றைக் கையாளும் திறன் ஓர் அமைச்சக அலுவலகத்தில் இருக்காது. அதைக் கற்றவர்களைக் கூலிக்கு அழைப்பதில் இழுக்கில்லை. அமெரிக்க அரசின் கொள்முதல் விதிகளும் சில பணிகள் இயல்பிலேயே அரசுக்கு உரியவை, அவற்றை ஒப்பந்தத்துக்கு விடக்கூடாது என்கின்றன. ஆக, அரசே செய்ய வேண்டிய பகுதி எது என்பதுதான் மெய்யான கேள்வி. ஹான்ஃபோர்டின் வரலாற்றில் அது மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது, முடிவு என்பது எது. ஒப்பந்தம் என்றால் முடிகிற ஒன்று. பணி முடிந்தது என்று சான்று கொடுத்துப் பில்லைத் தீர்த்தாக வேண்டும். 1998இல் எரிசக்தித் துறை ஒரு புதிய ஏற்பாட்டை முயன்றது. பிரிட்டிஷ் நிறுவனமான பிஎன்எஃப்எல் தன் முதலைப் போட்டு ஆலை கட்டும். தொட்டிக் கழிவைக் கண்ணாடியாக உருக்கி உறையவைத்துக் கொடுத்தால் மட்டுமே பணம். காகிதத்தில் அழகான ஏற்பாடு. 2000இல் மதிப்பீடு 690 கோடி டாலரிலிருந்து 1,520 கோடியாக ஏறியதும் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. உள்ளே என்ன கலவை இருக்கிறது என்றே முழுதாகத் தெரியாத தொட்டிகளுக்கு நிலையான விலை சொல்வது யாராலும் ஆகாத காரியம். அந்த ஆண்டே பெக்டெல் நிறுவனத்துக்கு, ஆகும் செலவைக் கொடுத்து மேலே கட்டணமும் தரும் முறையில் வேலை போயிற்று. விலை உறுதி செய்தால் ஆள் வரவில்லை. செலவை ஏற்றுக்கொண்டால் வேலை நீண்டது. அணுத் தரத்துக்குக் குறைந்த பொருள்களுக்கும் வேலைக்கும் பில் போடப்பட்டதாக அரசு தொடர்ந்த வழக்கில் பெக்டெலும் அதன் துணை ஒப்பந்தக்காரரின் தாய் நிறுவனமும் 2016இல் 12.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. குற்றத்தை அவை ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுமானம் தொடங்கியது 2002இல். வீரியம் குறைந்த கழிவு முதன்முதலாகக் கண்ணாடியானது 2025 அக்டோபரில். வீரியம் மிகுந்த கழிவுக்கான ஆலை அப்போதும் கட்டி முடிந்திருக்கவில்லை.

இரண்டாவது, எது தூய்மை. இங்கேதான் சமயம் துப்புரவுக் கணக்குக்கு உள்ளேயே நுழைகிறது. சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் நடைமுறையில், ஓரிடத்தின் நஞ்சால் ஒருவருக்கு வாழ்நாளில் கூடுதலாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்ட வரம்புக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது. அந்த ஒருவர் யார், எங்கே குடியிருப்பார், என்ன சாப்பிடுவார் என்பது சூத்திரத்துக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. 1855இல் வாலா வாலாவில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி யாகமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ் மக்கள் பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்து, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கவும், வேட்டையாடவும், கிழங்கும் கனியும் சேகரிக்கவும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஹான்ஃபோர்டு அந்த நிலத்துக்குள் இருக்கிறது. கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகளின் மீன்வள ஆணையம் 1994இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு பழங்குடிகளின் வயதுவந்தோர் சராசரியாக நாளொன்றுக்கு 58.7 கிராம் மீன் உண்பது தெரியவந்தது. அன்று அரசின் சுற்றுச்சூழல் முகமை கணக்குக்கு எடுத்துக்கொண்டிருந்த தேசியச் சராசரியோ 6.5 கிராம். கணக்கிலிருந்த அந்த மனிதர் ஒன்பதில் ஒரு பங்கு மீனைத்தான் தின்றார். அவருக்குப் பாதுகாப்பான ஆறு மற்றவர்களுக்கும் பாதுகாப்பானது என்று சொல்ல வழியே இல்லை.

மீனை மட்டும் வைத்து இதை அளந்துவிட முடியாது. அந்த மக்களின் வழிபாட்டில் வியர்வைக் குடிலுக்கு இடமுண்டு. கழிகளை வளைத்துக் கட்டி மூடிய தாழ்வான குடிலுக்குள், நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்களைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். அவற்றின் மேல் தண்ணீர் ஊற்ற, எழும் ஆவியைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆழமாக உள்ளிழுப்பார்கள். உடலோடு மனமும் தூய்மையாக வேண்டும் என்பதே நோக்கம். அந்தத் தண்ணீர் ஹான்ஃபோர்டின் நிலத்தடி நீராக இருந்தால், அதில் கரைந்திருக்கும் கார்பன் டெட்ராகுளோரைடும் டிரிட்டியமும் நுரையீரலுக்குள் போகும். குழாய் நீரைக் குடித்து, தோட்டத்துக் காய்கறியைத் தின்னும் புறநகர்வாசிக்காக எழுதப்பட்ட சூத்திரத்தில் இந்த வழியே கிடையாது. உமட்டில்லாவும் யாகமாவும் தங்கள் வாழ்முறைக்கான கணக்கைத் தாங்களே தயாரித்து அரசின் முன் வைத்தார்கள். தூய்மைச் சடங்கு நஞ்சேறும் வழியாகக் கணக்கில் எழுதப்பட வேண்டியிருந்தது என்பது மனதைப் பிசையும் செய்தி. ஆயினும் எழுதியதே சரி; எழுதாதிருந்தால் அந்தச் சடங்கைச் செய்பவர்கள் கணக்கில் இல்லாத மனிதர்களாகியிருப்பார்கள்.

அளவுகோலைத் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய செயல் என்பதற்கு குரோமியம் நல்ல சான்று. உலைகளைக் குளிர்விக்கும் நீரில் துரு ஏறாமலிருக்கச் சேர்த்த சோடியம் டைகுரோமேட் நிலத்தடியில் இறங்கி ஆற்றை நோக்கி நகர்ந்தது. மனிதர் குடிக்கும் நீரில் மொத்த குரோமியத்துக்கு மத்திய அரசு விதித்த வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஆற்றங்கரையில் பின்பற்றப்பட்டதோ ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பு. ஏனென்றால் நிலத்தடி நீர் ஆற்றின் அடியில் ஊறி வெளிவரும் கூழாங்கற்களுக்கு இடையில்தான் சினூக் சால்மன் முட்டையிடுகிறது. மனிதரைவிட மீன் குஞ்சுக்குக் கடுமையான பாதுகாப்பு. ஸ்மோஹாலா என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் வானபம் ஞானி, நிலம் தாய், அவள் உடலைக் கீறக்கூடாது என்று போதித்தவர். அவரது வழியில் வந்த வழிபாட்டு விருந்துகளில் முதலில் தண்ணீரையும் பிறகு சால்மனையும் வணங்கி உண்கிறார்கள். அந்த மரபின் பார்வையில் மீனுக்கு முன்னுரிமை தருவதில் வியப்பில்லை. அரசின் விதி வேறு காரணத்தால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்த எண்ணை யார் தேர்ந்தாலும் அது பொறியியல் முடிவாக மட்டும் இருக்காது. எந்த உயிருக்காக இந்த நிலம் என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. அத்தீர்ப்பை ஒப்பந்தப்புள்ளியின் இணைப்பில் புதைத்துவிடுவது, யஜமானன் செய்ய வேண்டியதை ரித்விக்கிடம் தள்ளுவதற்குச் சமம். ஹான்ஃபோர்டின் துப்புரவை வழிநடத்தும் 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவை எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் முகமை, வாஷிங்டன் மாநிலம் ஆகிய மூன்று தரப்புகளே. 1855இல் கையெழுத்திட்ட மக்கள் அதில் தரப்பல்ல. இது பெரிய குறை.

மூன்றாவது, தீங்குபட்டவர் முன் நிற்பது. போருக்குப் பின் 1946இல் வெளியான நூலில் ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் குற்றத்தை நான்காகப் பிரித்தார்: சட்டத்துக்கு முன் குற்றம், அரசியல் பொறுப்பு, மனசாட்சியின் குற்றம், மனிதர் என்ற முறையில் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் ஆழ்ந்த குற்றம். அரசியல் பொறுப்பு அரசின் குடிமக்கள் எல்லோர் மீதும் விழும்; அதற்கு ஈடுசெய்தல் உண்டு. ஹான்ஃபோர்டில் வரிப்பணம் ஆண்டுதோறும் கொட்டப்படுவது இந்த வகை. ஒப்பந்தத்தால் தீர்க்கத்தக்கதும் இது ஒன்றுதான்.

தீங்குபட்டவர் முன் நிற்பதை ஒப்பந்தத்தால் தீர்க்க முடியாது என்பது தொழிலாளர் விஷயத்தில் கூர்மையாகத் தெரிந்தது. தொட்டிகளுக்கு அருகே வேலை செய்து ஆவியை முகர்ந்தவர்களுக்கு நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்று நிரூபிப்பது கடினம். எந்த நாள், எந்தப் பொருள் என்ற பதிவே பல நேரம் இருப்பதில்லை. எனவே 2018இல் வாஷிங்டன் மாநிலம், ஹான்ஃபோர்டில் மத்திய அரசுக்காகச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சில நோய்கள் வந்தால் அவை வேலையால் வந்தவை என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று சட்டமியற்றியது. மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. தன்னோடு ஒப்பந்தம் செய்தவர்கள் மீது மட்டும் மாநிலம் தனிச் சுமை ஏற்றுகிறது என்பது அதன் வாதம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலம் அதற்குள் சட்டத்தைப் பொதுவாக்கித் திருத்தியிருந்தது. அரசியலமைப்பின்படி அத்தீர்ப்பில் பிழை காண்பது கடினம். ஆனால் தன் நஞ்சைத் தன் பொருட்டு அள்ளியவர்களுக்கு எதிராக ஓர் அரசு வாதாட நேர்ந்தது, கடனாளி கூலியாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதைப் போன்றது.

இவை மூன்றுக்கும் மேலே காலம் நிற்கிறது. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டுகள் ஆகும். டெக்னீசியம்-99க்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். ஹான்ஃபோர்டில் 1950களில் மரக்கட்டைகள் வைத்துக் கட்டிய ஒரு கழிவுச் சுரங்கத்தின் கூரை 2017 மே மாதம் சரிந்தது. கட்டியவர்களில் சிலர் அப்போது உயிரோடு இருந்திருக்கக்கூடும். தொழில்நுட்பத்தின் கை எட்டும் தொலைவு அளவுக்குப் பொறுப்பும் நீள வேண்டும் என்று 1979இல் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் வாதிட்டார். பிறக்காதவர்களோடு யாரும் ஒப்பந்தம் போட முடியாது. அவர்களிடம் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. எனவே இந்தக் கடமை பரிமாற்றத்திலிருந்து பிறப்பதாக இருக்கவே முடியாது என்ற அவரது முடிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. சூப்பர்ஃபண்ட் சட்டமும் தன் வழியில் இதைத் தொட்டிருக்கிறது. நஞ்சு அங்கேயே விட்டுவைக்கப்பட்ட இடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்று அது விதிக்கிறது; எத்தனை முறை என்று சொல்லவில்லை. துப்புரவு முடிந்த அணு வளாகங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே எரிசக்தித் துறை 2003இல் தனி அலுவலகத்தை ஏற்படுத்தியது. ஒப்பந்தங்கள் முடிந்து போகும். இந்தக் காவலுக்கு முடிவு தேதி இல்லை.

சுத்தம் செய்த பின்னும் ஒரு பாக்கி உண்டென்பதைச் சட்டம் தனியாக ஏற்றிருக்கிறது. நிலம் கெட்ட நாள் முதல் மீளும் நாள் வரை மக்கள் இழந்த மீனும் கிழங்கும் நீரும் இயற்கைவளச் சேதம் என்ற தலைப்பில் ஈடுசெய்யப்பட வேண்டும். அதைக் கோரும் அறங்காவலர்களாக அரசுகளோடு பழங்குடிகளையும் சட்டம் அமர்த்துகிறது. யாகமா மக்கள் 2002இல் இதற்காக மத்திய அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஹான்ஃபோர்டின் அறங்காவலர் அவையில் மத்திய முகமைகளோடும் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களோடும் யாகமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ் மக்களும் உட்கார்ந்து சேதத்தை மதிப்பிடுகிறார்கள். ஒரு கிழங்கு தோண்டும் பருவத்தைத் தலைமுறைக்கணக்கில் இழந்ததற்கு எந்த அலகில் ஈடு சொல்வது என்பது அந்த மேசையில்தான் பேசப்பட வேண்டியிருக்கிறது. 1855இல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத வானபம் மக்களுக்கு அங்கே அறங்காவலர் இருக்கை இல்லை.